ஸ்பர்ஷ் பென்ஷன் சேவை: ஒரு நேவிக்காரர் வீட்டுக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

மாதக் கடைசியில் பணம் வந்துவிடுகிறது. படைவீரர் பென்ஷனுக்கான மத்திய அரசின் இணையச் சேவையான ஸ்பர்ஷைக் குறை சொல்ல உட்காரும் முன் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். வங்கிகளே பென்ஷன் கணக்குப் போட்ட காலத்தில், ஒரே ரேங்க், ஒரே சம்பளக் குரூப், ஒரே அளவு சர்வீஸ் உள்ள இரண்டு பெட்டி ஆபீசர் ரேங்க் மாலுமிகளுக்கு இரண்டு வங்கிகளில் இரண்டு தொகை வரும். டி.ஏ. உயர்வு ஒருவருக்கு இந்த மாதமே ஏறும், இன்னொருவர் கிளை மேனேஜரிடம் நான்கு முறை நடப்பார். அந்தக் கூத்து பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பாதுகாப்புத் துறையின் கணக்குப் பிரிவு, பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் அலுவலகத்தின் வழியாக, சுமார் 30 லட்சம் பேருக்கு நேரடியாகக் கணக்குப் போட்டுப் பணம் அனுப்புகிறது. வங்கி இப்போது வெறும் பெட்டி. பணம் விழும், எடுத்துக்கொள்ளலாம், கேள்வி கேட்க முடியாது.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். வங்கியில் முகம் பார்த்துப் பேச ஒருவர் இருந்தார். தப்பும் தவறுமாகச் செய்தாலும் அவர் தமிழில் செய்தார். ஸ்பர்ஷ் திரையில் ஓடுவதோ ஆங்கிலம், கேட்பதோ ஓ.டி.பி. ஆவணத்தில் ஓர் எழுத்து தவறினால் மனு திரும்பிவிடும். உயிரோடு இருக்கும், ஆங்கிலம் தெரிந்த, போன் கையில் வைத்திருக்கும் முன்னாள் கடற்படை வீரருக்கு இது நல்ல சேவை. அவர் போன மறுநாள் அவர் மனைவிக்கும் நல்ல சேவையாக இருக்குமா என்பது, அவர் இருக்கும்போது எதையெல்லாம் சரிபார்த்து வைத்தார் என்பதைப் பொறுத்தது. எனவே இந்த மதிப்பீடு பாதி சேவையைப் பற்றியது, பாதி அதைப் பயன்படுத்தும் வீட்டைப் பற்றியது.

எந்தக் கதவைத் தட்டுவது

தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு நேவி குடும்பத்தின் காகிதங்கள் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. மாலுமியாக இருந்தவரின் சர்வீஸ் ரிக்கார்டும் குடும்ப விவரமும் மும்பை மான்குர்டில், ஐ.என்.எஸ். தானாஜி முகவரியில் இயங்கும் நவ்பென் எனப்படும் கடற்படைப் பென்ஷன் அலுவலகத்தில் இருக்கும். அதிகாரியாக இருந்தவர் என்றால் டெல்லி. பணம் பிரயாக்ராஜிலிருந்து வரும். மருத்துவம், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்கில். விதவைக்கான மாநில அரசு உதவி, பிள்ளைகளுக்கான சான்றிதழ் போன்றவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், அதன் உதவி இயக்குநரிடம்.

ஸ்பர்ஷ் இவற்றில் ஒரு கதவு மட்டுமே. மனைவியின் பெயர் தவறாக இருக்கிறது என்று பிரயாக்ராஜுக்குப் புகார் போட்டால், அவர்கள் ரிக்கார்டு ஆபீஸைப் பார்க்கச் சொல்வார்கள். கணக்குத் தவறு என்று மான்குர்டுக்கு எழுதினால் அங்கிருந்தும் அதே பதில் வரும். நடைமுறை விதி எளிது: ஆள், பெயர், பிறந்த தேதி, ரேங்க், குரூப், சர்வீஸ் காலம் சம்பந்தப்பட்டது எல்லாம் முதலில் நவ்பென், தொகை, நிலுவை, வரி, வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்டது எல்லாம் ஸ்பர்ஷ். எங்கே எழுதினாலும் சர்வீஸ் நம்பரை அதன் கடைசி எழுத்தோடு எழுத வேண்டும். நேவி நம்பரில் எண்களுக்குப் பின் வரும் அந்த ஒற்றை ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு எழுதும் மனுக்கள் ஏராளம்.

அக்னிவீரராகச் சேர்ந்து நான்கு ஆண்டில் வெளியே வருபவர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது என்பதால் கீழே உள்ள எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

இனிஷியல் என்னும் பெரிய வில்லன்

ஸ்பர்ஷில் தமிழ்நாட்டுக்காரருக்கு வரும் தொல்லைகளில் பாதி நம் இனிஷியலால் வருபவை. பதினேழு வயதில் சில்கா கடற்படைப் பயிற்சித் தளத்தில் சேர்ந்தபோது ரிக்கார்டில் 'முருகன் சி' என்று ஏறியிருக்கும். பான் கார்டுக்கு அப்பா பெயரை விரித்து 'செல்லையா முருகன்' என்று கொடுத்திருப்பார். ஆதாரில் 'சி முருகன்'. மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மனைவி விஷயம் இன்னும் மோசம். கல்யாணமான புதிதில் கப்பலிலிருந்து ஜென்ஃபார்ம் என்ற தகவல் படிவம் போட்டபோது வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்திருப்பார்கள், அல்லது அப்பா இனிஷியலோடு கொடுத்திருப்பார்கள். ஆதாரில் கணவர் இனிஷியல் வந்திருக்கும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். பி.பி.ஓ. என்பது பென்ஷன் ஆணை. பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும், ஏனென்றால் பதிவு செய்த அன்று வருஷம் மட்டும் சொன்னவர்களுக்கு இயந்திரம் அந்தத் தேதியைப் போட்டுக்கொண்டது.

இதைத் திருத்தும் வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அவசரப்பட்டு முதலில் ஆதாரை மாற்றப் போகிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. பி.பி.ஓ.வில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டால் பிறகு கஷ்டம். டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய பி.பி.ஓ., அதற்குப் பின் வந்த திருத்த பி.பி.ஓ.க்கள், ஸ்பர்ஷ் கொடுத்த 12 இலக்கப் புது பி.பி.ஓ., ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் இவ்வளவையும் ஒரு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பான்மை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மற்றதை நகர்த்துவதே குறைந்த செலவு. கணவர் பெயரில் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் ஆதாரும் பானும்தான் சர்வீஸ் ரிக்கார்டுக்கு வர வேண்டியிருக்கும். மனைவி பெயரில் வித்தியாசம் என்றால், அவருடைய எல்லா ஆவணமும் ஒரே மாதிரி இருந்து ரிக்கார்டு மட்டும் தவறாக இருந்தால், நவ்பென்னுக்கு ஆவணங்களும் 'இருவரும் ஒருவரே' என்ற பிரமாணப் பத்திரமும் அனுப்பி ரிக்கார்டைத் திருத்தி, திருத்த பி.பி.ஓ. வாங்குவதே சரி.

ஓய்வு பெற்ற பின் கல்யாணம் செய்துகொண்டவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டு முடித்து முப்பத்துச் சொச்சம் வயதிலேயே வெளியே வருகிற மாலுமிகளில் இப்படிப் பலர் உண்டு. பின்னால் வந்த மனைவிக்கும் குடும்பப் பென்ஷன் உரிமை உண்டு, ஆனால் அவர் இருப்பதே மும்பைக்குத் தெரியாது. திருமணப் பதிவுச் சான்றிதழோடு அறிவித்து ரிக்கார்டில் ஏற்றினால்தான் தெரியும். வெளியே வந்த பின் பிறந்த பிள்ளைகளின் பெயரும் அப்படியே.

முதல் முறை ஸ்பர்ஷுக்குள் நுழையும்போது வரும் தகவல் சரிபார்ப்புப் பக்கத்தை, பி.டி.வி. என்பார்கள், இ-சேவை மையத்தில் அவசரமாக முடித்தவர்கள் இன்னொரு முறை திறந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் 'சரி' என்று அழுத்திக்கொண்டே போய்விடுவார்கள். தவறான தகவலுக்கும் 'சரி' போட்டிருந்தால், தவற்றை நீங்களே உறுதி செய்ததாக ஆகும். பிறகு ஆதாரத்தோடு தனி மனு போட்டு, அது சரிபார்த்து வர வேண்டும். அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: ரேங்க், குரூப், தகுதியுள்ள சர்வீஸ் காலம், ஓய்வு பெற்ற தேதி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) தொகை, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும். பழைய வங்கித் தகவல்களிலிருந்து இடம்பெயர்ந்த கோப்புகளில் குரூப்பும் சர்வீஸ் காலமும் தவறாக ஏறுவதுண்டு. இந்த இரண்டும்தான் ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் அட்டவணையில் உங்கள் வரிசையைத் தீர்மானிக்கின்றன. ஆறு மாத சர்வீஸ் குறைந்தாலே வரிசை மாறும், தொகை மாறும்.

இன்னொன்று. மையத்தில் இருக்கும் பையன் உங்கள் நம்பருக்குப் பதில் தன் செல் நம்பரைப் போட்டுவிடுவது சகஜம், ஓ.டி.பி. வேகமாக வரும் என்பதால். அந்த நம்பர் அப்படியே நின்றுவிடும். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லைஃப் சர்டிபிகேட்: எளிது, ஆனால் மெனு முக்கியம்

வருடத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிப்பது முன்பைவிட உண்மையிலேயே சுலபமாகிவிட்டது. ஜீவன் பிரமாண் செயலியும், முகத்தை அடையாளம் காணும் ஆதார் செயலியும் இரண்டும் போனில் இருந்தால் வீட்டு வாசலில் வெளிச்சத்தில் நின்று முடித்துவிடலாம். இரண்டாவது செயலி இல்லாமல் முதலாவது ஓடாது. அது தெரியாமல் போனைத் திட்டுபவர்கள் அதிகம். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கு இது வரப்பிரசாதம். நாற்பது வயது வரை என்ஜின் ரூமில் வேலை பார்த்த ஸ்டோக்கர்களுக்கு இதன் அருமை தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தபால்காரரை வீட்டுக்கு வரவழைக்கலாம். அஞ்சல் வங்கி அதற்கு 70 ரூபாய் வாங்குகிறது.

தவறு நடப்பது மெனுவில். பென்ஷனை அனுமதித்த அலுவலகம் என்ற இடத்தில் மாலுமிகள் மும்பையின் கடற்படைக் கணக்கு அலுவலகத்தைத் தேர்வு செய்ய வேண்டும். பணம் தரும் முகமை என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் வங்கி பெயரைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. பென்ஷன் (பிரயாக்ராஜ் அலுவலகம்) என்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். வங்கியைத் தேர்ந்தெடுத்தாலும் சான்றிதழ் உருவாகும், எண் வரும், எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அது ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது. சான்றிதழ் உருவாவது ஒன்று, ஏற்கப்படுவது வேறு. ஸ்பர்ஷுக்குள் போய் அடுத்த தேதி ஓர் ஆண்டு தள்ளிப் போயிருக்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

நவம்பர் மாதம் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். ஸ்பர்ஷில் உங்கள் கெடு எந்த மாதம் என்று உள்ளே காட்டும், அதைப் பார்த்து நடப்பது நல்லது. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், நவம்பர் கூட்டத்தில் நிற்கத் தேவையில்லை. நேவியை விட்டு வந்தபின் வங்கியிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்து இன்னொரு பென்ஷனும் வாங்குபவர்கள் ஒவ்வொரு பி.பி.ஓ.வுக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஒன்று எடுத்தால் இரண்டுக்கும் போதும் என்று நினைத்து ஒரு பென்ஷன் நின்றுபோவது ஆண்டுதோறும் நடக்கிறது. குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் 'சர்வீஸ்' என்பதை விட்டு 'ஃபேமிலி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுமணம் என்ற கேள்விக்கு இல்லை என்று இருக்கிறதா என்று பேரனிடம் ஒரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும்.

லைஃப் சர்டிபிகேட் பேச்சை வைத்துத்தான் திருடர்களும் வருகிறார்கள். 'ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், பென்ஷன் நின்றுவிடும்' என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்புவார்கள். அதைத் தொட்டால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும். போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்கும் அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. சந்தேகம் வந்தால் நீங்களே 1800-180-5325 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிடலாம். தமிழில் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிடைக்கும் பதிலின் தரமும் எடுப்பவரைப் பொறுத்தது.

தொகை சரியா என்று எப்படிப் பார்ப்பது

மாதச் சீட்டு, பி.பி.ஓ. நகல், வருமான வரிக்கான ஃபார்ம் 16 எல்லாம் உள்ளேயே இறக்கிக்கொள்ளலாம். இது ஸ்பர்ஷின் சிறந்த பகுதி. ஜூலையில் ஃபார்ம் 16-க்காக வங்கி வாசலில் நின்ற நாட்களை நினைத்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் மாதச் சீட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

கடைசியாக வாங்கிய சம்பளம், படைப்பணிக்கென்று தரும் எம்.எஸ்.பி. 5,200 எல்லாம் சேர்த்து 40,000 என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் அதில் பாதி, 20,000. படைவீரர்கள் பாதி வரை கம்யூட் செய்யலாம் என்பதால் பெரும்பாலோர் செய்திருப்பார்கள். மாதம் 10,000 கழியும். டி.ஏ. கணக்கிடுவது மிச்சமிருக்கும் 10,000-க்கு இல்லை, முழு 20,000-க்கு. சீட்டில் டி.ஏ. சிறுத்திருந்தால் முதலில் இங்கே பாருங்கள். கம்யூட் செய்த பகுதி 15 ஆண்டு கழித்துத் திரும்ப வர வேண்டும். 35 வயதில் வெளியே வந்தவருக்கு 50-ல் வரும். இது தானாக நடக்க வேண்டிய காரியம்தான், ஆனால் கம்யூட்டேஷன் தேதி தவறாக ஏறியிருந்தால் பிடித்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைப்பது செலவில்லாத காப்பீடு.

ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் 2014 ஜூலை 1-ல் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுகணக்கு ஆகிறது. 2019-லும் 2024-லும் ஆனது. புது அட்டவணை வந்ததும் உங்கள் ரேங்க், குரூப், சர்வீஸ் மூன்றையும் வைத்து வரிசையைக் கண்டுபிடித்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அதிகமாக வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், பிறகு பிடிப்பார்கள்.

80 வயதில் அடிப்படைப் பென்ஷனோடு 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் முழு மடங்கு. குடும்பப் பென்ஷனுக்கும் இதே கணக்கு. பிறந்த தேதியே ரிக்கார்டில் இல்லாத ஒரு பாட்டிக்கு இது தானாக ஏற வழியே இல்லை. 80 தாண்டி ஐந்தாறு ஆண்டாக 20 சதவீதம் வராமலே வாழும் நேவி விதவைகள் கிராமங்களில் இருப்பது இதனால்தான். வயதுக்கு ஆதாரோ பானோ கொடுத்துத் தேதியை ஏற்றினால் நிலுவையும் சேர்த்து வாங்கலாம்.

அவர் இல்லாத முதல் மாதம்

இந்தச் சேவைக்கு உண்மையான தேர்வு இங்கேதான்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழில் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பதை அழுகைக்கு நடுவிலும் யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் வார்டு பாய் எழுதிய பெயர்தான் சான்றிதழில் வரும். அதில் இனிஷியல் மாறினால் மேலே சொன்ன தலைவலி முழுவதும் திரும்ப வரும், இந்த முறை கையெழுத்துப் போட அவர் இருக்க மாட்டார். வீட்டில் ஒரு தாளில் பி.பி.ஓ.வில் உள்ளபடியே பெயரை எழுதி ஆதாரோடு வைத்திருந்தால் போதும், அதைப் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

அடுத்து ஏ.டி.எம். கார்டு. இறந்த தேதிக்குப் பின் வரும் பென்ஷன் குடும்பத்தின் பணம் இல்லை. காரியச் செலவுக்கு எடுத்துவிட்டால் பிறகு குடும்பப் பென்ஷனிலிருந்து பிடிப்பார்கள். உடனே ஸ்பர்ஷில் இறப்பைப் பதிவு செய்வதும், நவ்பென்னுக்குத் தகவல் கொடுப்பதும் நல்லது. இறப்புச் சான்றிதழ், மனைவியின் ஆதார், பான், பாஸ்புக், புகைப்படம், கணவரின் பி.பி.ஓ. தேவைப்படும். மனைவியின் விவரம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருந்தால் வேலை சுருக்கமாக முடியும். இல்லையென்றால் மும்பைக்கும் பிரயாக்ராஜுக்கும் நடுவே கோப்பு ஊஞ்சலாடும். பி.பி.ஓ.வில் பெயர் உள்ள மனைவிக்குத் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக இரண்டு மாதம் காத்திருந்து பிறகு விண்ணப்பிப்பவர்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள். கணவருக்கு வர வேண்டிய பழைய நிலுவை இருந்து, அதற்கு நாமினி போடாமல் விட்டிருந்தால் அப்போது வாரிசுச் சான்று கேட்பார்கள். அந்த நாமினேஷனும் ஸ்பர்ஷுக்குள்ளேயே செய்யக்கூடியதுதான்.

எவ்வளவு வரும்? சாதாரணக் குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், மேலே சொன்ன கணக்கில் 12,000. ஓய்வுக்குப் பின் இறந்தவர் என்றால், இறந்த நாளிலிருந்து 7 ஆண்டு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள், இரண்டில் எது முன்னதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம், அதாவது 50 சதவீதம் கிடைக்கும். 62-ல் போனால் ஐந்து ஆண்டு. 70-ல் போனால் நேரே 30 சதவீதம். கம்யூட்டேஷன் பிடித்தம் குடும்பப் பென்ஷனுக்குக் கிடையாது. அதனால் சிறு வயதில் கணவரை இழந்த மனைவிக்கு, அவர் கொண்டுவந்ததைவிடக் கூடுதலாகவே மாதத் தொகை வரலாம். இது தவறுதலாக வந்த பணம் என்று பயந்து வங்கியில் கேட்கப் போகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம். குறைந்தபட்சக் குடும்பப் பென்ஷன் 9,000, அதன் மேல் டி.ஏ.

கணவர் நேவிக்குப் பின் அரசு வேலையும் பார்த்து அங்கேயும் பென்ஷன் இருந்தால், 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டு குடும்பப் பென்ஷனும் வாங்கலாம். அதற்கு முன் இறந்தவர்களின் மனைவிகளும் அந்தத் தேதியிலிருந்து கேட்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காலத்தில் இதை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வருமான வரிக் கணக்கிலும் மாற்றம் உண்டு: குடும்பப் பென்ஷன் சம்பளம் என்ற தலைப்பில் வராது, பிற வருமானத்தில் வரும். மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 (புது வரி முறையில் 25,000), இரண்டில் குறைவானதைக் கழிக்கலாம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதெல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அந்தப் பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பின், 25 வயது வரம்பு இல்லாமல் வாழ்நாள் முழுவதும் குடும்பப் பென்ஷன் உண்டு. மருத்துவச் சான்றோடு பெயரைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வில் ஏற்ற வேண்டும். பின்னால் அண்ணன் தம்பி அலைந்து வாங்குவது பெரும்பாடு.

டிரங்குப் பெட்டியை ஒரு முறை கவிழ்த்துப் பார்ப்பதும் பலன் தரும். கடற்படைக் குழுக் காப்பீட்டில், ஓய்வுக்குப் பிந்தைய மரணத்துக்கான நீட்டிப்புக் காப்பீடு ஒன்று உண்டு. வெளியே வரும்போதே அதற்கான பணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். எத்தனை வயது வரை, எவ்வளவு தொகை என்பது அதிலேயே இருக்கும். ஸ்பர்ஷ் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது, அது அதன் வேலை இல்லை.

இ.சி.ஹெச்.எஸ். பற்றிச் சுருக்கமாக

2003 ஏப்ரல் 1-க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு இது கட்டாயம். ஒரே முறை கட்டும் தொகை, லீடிங், பெட்டி ஆபீசர் ரேங்க் வரை 30,000, அதற்கு மேல் உள்ள சீஃப், மாஸ்டர் சீஃப்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. இதில் சேர்ந்தவருக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி கிடையாது. மகன் 25 வயது வரை, அல்லது வேலைக்குப் போகும்வரை, அல்லது கல்யாணம் ஆகும்வரை. அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். பில் தொகை முழுதும் வராது, அரசு விகிதப்படிதான் வரும். கணவர் போன பின் அவர் கார்டை ஒப்படைத்து மனைவியை முதன்மை உறுப்பினராக மாற்ற வேண்டும். ஸ்பர்ஷில் இறப்பைப் பதிந்துவிட்டால் இங்கேயும் தானாக மாறும் என்று நினைப்பவர்கள் மருந்து வாங்கும் ஜன்னலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கேன்டீன் கார்டும் அப்படியே.

மதிப்பெண்

பணம் வரும் ஒழுங்குக்குப் பத்துக்கு ஒன்பது. சீட்டும் ஃபார்ம் 16-ம் கிடைக்கும் வசதிக்கும் அதே ஒன்பது. தகவல் தவறைத் திருத்துவதற்கு நான்கு. ஆவணம் சுத்தமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று திரை சொல்லும், ஏன் நிற்கிறது என்று சொல்லாது. இழுத்தடித்தால் பென்ஷன் அதாலத் எனும் குறைதீர் கூட்டத்துக்கு அசல், நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போவது பலன் தருகிறது. அங்கே ரிக்கார்டு ஆபீஸும் கணக்கு அலுவலகமும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருப்பதால் ஒருவரை ஒருவர் காட்டி அனுப்ப முடியாது. தனியாக நிற்கும் ஒரு விதவைக்கு, துணைக்கு ஆளில்லாமல், மூன்றுக்கு மேல் கொடுக்க முடியாது.

அந்த மூன்றை ஏழாக்க நேவிக்காரரே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் கணவர், மனைவி இருவர் ஆதாரும் கணவரின் ஒரே செல் நம்பரில் இணைந்திருக்கும். குடும்பப் பென்ஷன் மனுவில் மின்கையெழுத்துப் போடும்போது ஓ.டி.பி. மனைவியின் ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் போகும். அந்த சிம்மை, அவர் போன இரண்டாம் மாதம், யார் பேசப் போகிறார்கள் என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள். இப்போதே மனைவி பெயரில் தனி சிம் ஒன்று வாங்கி அவர் ஆதாரோடு இணைத்துவிடுங்கள். அவர் கையாலேயே ஒரு முறை ஸ்பர்ஷைத் திறந்து மாதச் சீட்டை இறக்கச் சொல்லுங்கள். கணவரின் சிம்மை, முதல் குடும்பப் பென்ஷன் கணக்கில் விழுந்து ஆறு மாதம் ஆகும்வரை, குறைந்த கட்டணத் திட்டத்திலாவது ஓடவிடுங்கள்.